நிலமும் தேசிய இனமும்: ஹரி ஹேவுட்டின் கோட்பாடு பற்றிய ஒரு திறனாய்வு

1948 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் 'நீக்ரோ விடுதலை' என்னும் நூல் வெளிவந்தது. அதனை இயற்றியவர், அடிமைகளாய்ப் பிறந்த பெற்றோரின் மகனும் அந்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியின் தலைவர்களுள் ஒருவருமாகிய ஹரி ஹேவுட் (1898–1985) ஆவர். அதே ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்து வந்த தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. இவ்விரண்டிற்கும் நேர்த்தொடர்பு யாதுமில்லை. ஆயினும் அவை எழுப்பும் வினா ஒன்றே. பிறர்க்குரிய நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்கள் அந்நாட்டில் யாவராகக் கொள்ளப்படுதல் வேண்டும்? அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? ஹேவுட் அளித்த விடையின் வலிமையும் குறையும் மாத்தளை மாவட்டத்துத் தோட்ட மக்களின் வரலாற்றோடு ஒப்புநோக்கும்போது தெளிவாகப் புலப்படுகின்றன.

அக்கோட்பாடு ஹேவுட் ஒருவரின் படைப்பன்று. 1920 இல் தேசிய, குடியேற்ற நாட்டுப் பிரச்சினைகள் பற்றி லெனின் வரைந்த கருத்துரை, அயர்லாந்து மக்களோடு அமெரிக்கக் கறுப்பு மக்களையும் ஒடுக்கப்பட்டோர் வரிசையில் வைத்தது. 1928 இல் மொஸ்கோவிற் கூடிய பொதுவுடைமை அகிலத்தின் ஆறாவது பேராயம் அதனை மேலும் விரித்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஊடாகச் செல்லும் பருத்தி விளை நிலப்பரப்புக்குக் 'கறுப்பு வலயம்' என்பது பெயர். அங்கே கறுப்பு மக்கள் பெரும்பான்மையினராகச் செறிந்து வாழ்ந்தனர். ஆதலின் அவர்கள் ஒரு தேசிய இனத்தவர் என்றும், பிரிந்து செல்லும் உரிமை உட்படச் சுயநிர்ணய உரிமை அவர்க்குரியது என்றும், பிற பகுதிகளில் வாழ்வோர்க்கு முழுச் சமத்துவமே வேண்டற்பாலது என்றும் முடிபு செய்யப்பட்டது. அம்முடிபை வகுப்பதிற் பங்குகொண்ட ஹேவுட், இருபது ஆண்டுகளின் பின்னர் தம் நூலில் அதற்கு விரிவான பொருளாதார அடிப்படையை வகுத்தளித்தார்.

அந்நூலின் தலையாய சிறப்பு, நிறவெறியைத் தனிமனிதரின் மனக்கோட்டமாகக் கொள்ளாது, நிலவுடைமையில் வேரூன்றிய ஓர் அமைப்பாகக் கண்டமையாகும். 1865 இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலை பெற்றோர்க்கு நிலம் கிடைக்கவில்லை. தென்கரையோரத்தில் ஒதுக்கப்பட்ட நிலங்களும் அதே ஆண்டிலேயே பழைய உடைமையாளரிடம் மீளச் சென்றன. நிலமற்ற மக்கள் வாரக்குடிகளாயினர். விதையும் உணவும் கடனாகப் பெறுதல், அறுவடையின் பின் நிலவுடைமையாளன் எழுதும் கணக்கை ஏற்றல், கடன் தீராமையால் மறு ஆண்டும் அங்கேயே தங்குதல் என்பன அவர்தம் வாழ்க்கை ஆயின. வாக்குரிமை மறுப்பும் கும்பற் கொலையும் இவ்வமைப்பின் காவலரண்கள் என்பது ஹேவுட்டின் துணிபு. எனவே, நிலச் சீர்திருத்தமின்றி விடுதலை இல்லை என்றார்.

இக்கோட்பாடு ஏட்டளவில் நின்றதும் அன்று. 1931 இல் அலபாமா மாநிலத்தில் வாரக்குடிகளின் சங்கம் பொதுவுடைமையாளரின் துணையோடு எழுந்தது. அதே ஆண்டில் பொய்க்குற்றஞ் சாட்டப்பட்டு மரணதண்டனையை எதிர்நோக்கிய ஸ்கொட்ஸ்போரோ இளைஞர்களுக்காகக் கட்சியினர் உலகெங்கும் குரலெழுப்பினர். ஹார்லமில் ஓர் உறுப்பினர் கறுப்பு மக்களிடம் இகழ்ச்சி காட்டினார் எனக் கட்சியே அவரைப் பொதுமன்றில் விசாரித்து வெளியேற்றியதும் அவ்வாண்டிலேயே. தன் அணிக்குள் உள்ள பேரினவாதத்தைக் களையாது பிறர் விடுதலை பற்றிப் பேசுதல் தகாது என்னும் உணர்வு அன்று அக்கட்சியில் இருந்தது.

மாத்தளையை அறிந்தோர்க்கு ஹேவுட் காட்டும் பருத்தித் தோட்டம் அயலான காட்சியாகத் தோன்றாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட தமிழர், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தனர். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் கங்காணி கொடுத்த முற்பணத்தாற் கடனாளிகளாகவே தோட்டத்துட் புகுந்தனர். கடன் பற்றிய 'துண்டு' இன்றி ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றிற்குப் பெயர்தல் இயலாதிருந்தது. 1921 இலேயே அம்முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. வாரக்குடியின் கடனும் கங்காணிக் கடனும் வடிவில் வேறாயினும் தொழிலில் ஒன்றே: கூலிக்கு உழைப்பவனை நிலத்தோடு பிணித்து, நிலத்தை மட்டும் அவனுக்கு மறுப்பது.

ஒப்புமை இங்ஙனம் நெருங்கியிருப்பதாலேயே கோட்பாட்டின் முதற் குறையும் இங்கே வெளிப்படுகின்றது. 1913 இல் ஸ்டாலின் வகுத்த இலக்கணத்தைத் தழுவி, பொதுமொழி, தொடர்ச்சியான நிலப்பரப்பு, பொதுப் பொருளாதார வாழ்வு, பண்பாட்டில் வெளிப்படும் பொது மனவியல்பு ஆகிய நான்கும் தேசிய இனத்திற்கு வேண்டுமென ஹேவுட் கொண்டார். இவற்றுள் நிலப்பரப்பு உரிமையின் வாயிற்கதவாயிற்று. ஆயின் மக்கள் அவ்வெல்லைக்குள் நிற்கவில்லை. 1910 இல் அமெரிக்கக் கறுப்பு மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் தெற்கில் வாழ்ந்தனர். 1970 அளவில் அது பாதியை ஒட்டியதாய்ச் சுருங்கிற்று. வரைபடம் கலைந்தபோது கோட்பாடும் தளர்ந்தது. 1959 இல் அமெரிக்கக் கட்சி அதனைக் கைவிட்டது.

இலங்கையிலும் இவ்வளவுகோல் கையாளப்பட்டது. 1943 இல் தோன்றிய இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி, 1944 இல் தொடர்ச்சியான தாயகப் பரப்பில் வாழும் தமிழரை ஒரு தேசிய இனமாக ஏற்று, அவர்தம் சுயநிர்ணய உரிமையையும் ஒப்புக்கொண்டது. அக்காலத்தில் அது துணிவான நிலைப்பாடே என்பது மறுக்கற்பாலதன்று. எனினும் தாயகப் பரப்பே அளவுகோலாயின் மலையகத் தமிழரின் இடம் யாது? நுவரெலியா மாவட்டத்தில் 2012 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவர்கள் பாதிக்கும் மேற்பட்டோர். அங்கே நிலப்பரப்பு என்னும் நியாயத்தை ஒருவாறு பேசலாம். மாத்தளையிலோ, அக்கணக்கில் 'இந்தியத் தமிழர்' எனப் பதியப்பட்டோர் பத்திலொரு பங்கினுங் குறைவு. இரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைத் தோட்டங்களில் அவர்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்கின்றனர். வந்த மக்கள் முதலில் மலையேறிய வாயிலே மாத்தளை. அவ்வாயிலில் தங்கியோர்க்கே கோட்பாட்டின் வாயில் திறவாதொழிந்தது. ஆள்தொகைச் செறிவு உரிமையின் அளவாகுமாயின், மிகச் சிதறிக் கிடப்போர், அதாவது பாதுகாப்பு மிகவும் வேண்டுவோர், மிகக் குறைந்த உரிமையே பெறுவர்.

இரண்டாவது குறை, தீர்மானிப்போர் யார் என்பதைப் பற்றியது. 1928 இல் மொஸ்கோவிலிருந்த கறுப்பினத் தோழர்களுட் பலர் அம்முடிபை ஏற்கவில்லை. ஹேவுட்டின் உடன்பிறந்தாராகிய ஒட்டோ ஹோல் அவர்களும் எதிர்த்தவரே. தம்மைத் தாமே நிர்ணயிக்கும் உரிமை அம்மக்களைக் கேளாமலே அவர்க்கு நிர்ணயிக்கப்பட்டது. 1939 இல் மெக்சிக்கோவில் ட்ரொட்ஸ்கியோடு உரையாடிய சி. எல். ஆர். ஜேம்ஸ் இதனை உணர்ந்தார். மக்கள் வேண்டுவாராயின் அவ்வுரிமையை ஆதரித்தல் கடன், கட்சி முந்திக்கொண்டு அதனை முழக்கமாக்குதல் முறையன்று என்பது அவர் கருத்து. அதேவேளை, கறுப்பு மக்களின் தனித்த போராட்டத்திற்கு அதற்கேயுரிய வலிமை உண்டென்பதையும் 1948 இல் அவர் வலியுறுத்தினார்.

இக்குறைகளைக் கண்டு, தேசிய இனப் பிரச்சினையை விடுத்து வர்க்க ஒற்றுமை ஒன்றே அமையும் எனக் கூறுவாரும் உளர். இலங்கை வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1948 இல் இடதுசாரிக் கட்சிகள் குடியுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தன. 1964 ஆனியில் சமசமாசக் கட்சி கூட்டரசாங்கத்தில் அமர்ந்தது; ஐப்பசியில் அவ்வரசாங்கமே 975,000 பேரின் கதியை இரு அரசுகளுக்கிடையே பங்கிட்ட உடன்படிக்கையைச் செய்தது. 525,000 பேர் இந்தியாவிற்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியோர் என எழுதப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் பின்னர்த் தீர்க்கப்படவேண்டிய கணக்காயினர். அம்மக்களிடம் யாரும் வினவவில்லை. இடதுசாரிகள் பங்குகொண்ட ஆட்சியில் 1972 இல் நிலச் சீர்திருத்தம் தொடங்கி, 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நூறாண்டு அந்நிலத்தைப் பண்படுத்தியோர் நிலம் பெறவில்லை, பலர் வெளியேற்றப்பட்டனர். 1977 இல் தோட்டக் காணி பிறர்க்குப் பங்கிடப்படுதலை எதிர்த்தபோது டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தார். நிலச் சீர்திருத்தம் என்னும் சொல் ஒன்றே. அது யாருக்கு நிலம் என்னும் வினாவுக்கு விடையன்று. இவ்விடத்திலேயே ஹேவுட்டின் நூல் தன் வலிமையை மீண்டும் நிலைநாட்டுகின்றது. ஒடுக்கப்பட்டோரைத் தனியே பெயர் சுட்டி ஏற்காத வர்க்கவாதம் ஈற்றிற் பெரும்பான்மையினரின் வாதமாக முடியும் என்பதே அவர் தம் தோழரை எச்சரித்தது.

கோட்பாட்டை அதன் வரைபடத்தினின்று விடுவிக்கும் வழி அவ்வணியினுள்ளேயே இருந்தது. திரினிடாட்டிற் பிறந்து, அமெரிக்கக் கட்சியில் உழைத்து, 1955 இல் நாடுகடத்தப்பட்ட குளோடியா ஜோன்ஸ், 1949 இல் எழுதிய கட்டுரையொன்றில் கறுப்பினப் பெண் தொழிலாளி என்றும், இனத்தவள் என்றும், பெண் என்றும் மும்முறை ஒடுக்கப்படுவதை எடுத்துக் காட்டினார். நிலப்பரப்பிலிருந்து தொடங்காது மக்களின் வாழ்விலிருந்து தொடங்கிய நோக்கு அது. தேயிலைத் தோட்டத்தின் செல்வத்தைக் கொழுந்து பறித்துக் குவித்தோர் பெண்களே. ஆணுக்கு நிகரான கூலி அவர்க்கு 1984 இலேயே கிடைத்தது. லயத்தில் வாழ்ந்த அப்பெண்ணின் விடுதலையை எந்த எல்லைக்கோடும் தனியே அளித்துவிடாது.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. எனினும் குடியுரிமை நிலமாகாது, வாக்குரிமை மதிப்பாகாது. 2023 இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்தமையை நினைவுகூர்வோர் தலைமன்னாரிலிருந்து மூதாதையர் நடந்த வழியே நடந்து மாத்தளையை வந்தடைந்தனர். அவர்கள் தனிநாடு கேட்டு நடக்கவில்லை. காணியும் வீடும் நிகர் கூலியும் கேட்டனர். எல்லாவற்றிற்கும் மேலாக, 'இந்தியத் தமிழர்' என்று பிறர் இட்ட பெயரை விடுத்து 'மலையகத் தமிழர்' எனத் தாம் கொண்ட பெயரால் அழைக்கப்படுதலைக் கேட்டனர். இதுவும் சுயநிர்ணயமே. ஹேவுட் நிலத்தைக் கண்டமை அவர் நூலை வாழவைக்கும். உரிமையை நிலப்பரப்பினுள் அடைத்தமை அதன் எல்லையைக் காட்டும். ஒரு மக்கட் கூட்டம் எத்துணைப் பெரிது, எங்கே செறிந்துளது என்பவற்றை எண்ணுமுன், அது தன்னைப்பற்றி யாது கூறுகின்றது எனக் கேட்டலே இவ்வகைக் கோட்பாடுகள் யாவற்றிற்கும் முதற்கடனாகும்.