கதவுக்குள் ஒரு காது

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். வீட்டில் சொல்லிவிட்டேன், வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், பதுளை பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணி ஊற்றித் தருகிற அண்ணனிடம் ஒரு முழுக் கிளாஸ் ஆறிப்போகும்வரை நின்று சொல்லிவிட்டேன். இன்னும் ஆசை தீரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேர ரயில் பயணம், எதிர் சீட்டில் ஒரு சீனத்துப் பிள்ளை, அவள் மடியில் கொப்பி நிறைய ஆங்கிலச் செய்திச் சொற்கள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பத்திரிகை என்ற பொருளையே நான் புதிதாகப் பிறந்து பார்த்ததுபோல் பார்த்தேன்.

பதுளை ஸ்டேசனை நினைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து மலையேறி வருகிற பாதை முட்டி நிற்கிற கடைசி ஸ்டேசன், 1924இல் திறந்தது. காலை மூடுபனி இன்னும் தண்டவாளத்தை விட்டு எழும்பவில்லை, எஞ்சின் புகையோடு பருப்பு வடை வாசமும் கலந்து வருகிறது, ஜன்னலோரம் நான், கையில் ஞாயிறு ஒப்சேர்வர். பண்டாரவளையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன். சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் பேப்பர் வாங்கினால் பேனையும் கையோடு வரும், சொல்லுக்குச் சொல் கோடு போடுவேன். துன்ஹிந்தை அருவியைப் பார்த்துவிட்டு எல்லை என்ற ஊருக்குத் திரும்புகிற அந்தப் பிள்ளை நான் கோடு போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கொப்பியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் சீன எழுத்து. ஹெட்லைன், எடிட்டர், ரிப்போர்ட்டர், டெட்லைன், ஸ்கூப். அகராதி இல்லாமல் ஆங்கிலச் செய்தி வாசிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசையாம். என்னுடைய ஆசையும் ஒரு காலத்தில் அதுதானே! எனக்குக் கை நடுங்கிவிட்டது, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

முதல் சொல்லே 'நியூஸ்'. நான் முந்திக்கொண்டேன். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்ற நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் நியூஸ் என்று, எனக்கு என் வாத்தியார் சொன்னதை, நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னதை, பெருமையாக அவளுக்கும் சொன்னேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். இல்லை, 'நியூ' என்றால் புதுசு, அதற்குப் பன்மை போட்டு 'புதியவை', அதுதான் நியூஸ் என்றாள். அன்றிரவே பெரிய அகராதியைப் புரட்டிப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி, திசைக் கதை பின்னால் யாரோ அழகுக்காகக் கட்டியது. பன்மையாகப் பிறந்தும் ஆங்கிலத்தில் அது ஒருமையாகவே நடக்கும், 'நியூஸ் ஈஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை பரீட்சைத் தாளில் எத்தனை பிள்ளைகள் 'ஆர்' போட்டு மார்க்கை விட்டிருப்பார்கள்! அந்தக் குழப்பத்தின் வேர் இப்போது என் கைக்குள் இருக்கிறது.

இனிமேல்தான் விசயம். கவனமாகக் கேளுங்கள். சீனத்தில் செய்திக்கு என்ன சொல் என்று கேட்டேன். 'ஷின்வென்' என்றாள். இரண்டு எழுத்து. முதல் எழுத்துக்குப் 'புதிய' என்று பொருள், இரண்டாவதற்குக் 'கேட்டது' என்று பொருள். புதிதாய்க் கேட்டது, ஆங்கிலத்தில் இருக்கிற அதே புதுசு! அதோடு விடவில்லை. அந்த இரண்டாவது எழுத்தைப் பெரிதாக வரைந்து காட்டினாள். வெளியே ஒரு கதவு. கதவுக்குள்ளே ஒரு காது. ஐயோ, நினைத்துப் பாருங்களேன்! கதவுக்குள் ஒரு காதை வைத்து, இதுதான் கேட்பது, இதுதான் செய்தி என்று ஒரு மொழி எழுதி வைத்திருக்கிறது! எனக்கு அந்த ரயில் மறந்துபோய்ப் பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்து லயம் கண்முன்னே வந்து நின்றது. சாயந்தரம், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்திருப்பார்கள், இஸ்தோப்பில் குப்பி லாம்பு, டவுனிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய வீரகேசரி, தாத்தா கண்ணாடி இல்லாததால் என்னிடம் தந்து சத்தமாக வாசிடா என்பார். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். லயம் முழுக்க ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை. அடுப்பில் ரொட்டி வேக, பிள்ளை மடியில் தூங்க, கதவுநிலையில் சாய்ந்தபடி ஒவ்வொரு காது. எங்கள் லயத்து வாசலை எப்போதோ பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது அந்த எழுத்து! கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளை பயந்துபோய்த் தண்ணிப் போத்தலை நீட்டினாள்.

ரயில் தெமோதரைச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கம், அதிலிருந்து வெளியே வந்து மலையை ஒரு சுற்றுச் சுற்றி அதே ஸ்டேசனுக்கு மேலே ஏறுகிற அதிசயம். எல்லோரும் ஜன்னலில் தொங்குகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் 'ஹெட்லைனில்' தொங்கிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹெட்', தமிழில் தலைப்பு, சீனத்தில் 'தோவ்தியாவ்', அதிலும் முதல் எழுத்து தலைதான்! மூன்று மொழியும் செய்திக்குத் தலை வைத்திருக்கிறது. அந்தச் சீனச் சொல்லின் இரண்டாவது எழுத்து, நீளமாக ஒல்லியாக இருப்பதை எண்ணுகிற சொல்லாம். ஆற்றை எண்ணவும் அதுதான், பாதை, பாம்பு, மீன் எல்லாவற்றையும் எண்ணவும் அதுதான், செய்தியை எண்ணவும் அதுவேதான். ஒரு ஆறு, ஒரு பாதை, ஒரு செய்தி! பத்திரிகையின் ஒடுங்கிய பத்தி நீளமாக இறங்கி ஓடுவதைப் பார்த்தால் பதுளு ஓயா மாதிரித்தானே இருக்கிறது? 'எக்ஸ்க்ளூசிவ்' என்பதற்குச் சீனத்தில் 'தனி வீடு' என்று வருமாம். லயத்தில் வளர்ந்த எனக்கு அது எவ்வளவு இனித்தது தெரியுமா! ஒரு வீட்டுச் செய்தி ஒரு வீட்டோடு நின்றதே இல்லை எங்களுக்கு.

என் முறைக்கு நானும் அள்ளிக் கொட்டினேன். 'டெட்லைன்' என்ற சொல் அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், அண்டர்சன்வில் சிறைமுகாமில் கைதி தாண்டினால் சுடப்படுகிற கோடாக இருந்தது, பிறகுதான் பத்திரிகைக்காரனுக்குக் கெடுநேரமாக வந்தது என்று சொன்னேன். 'டேப்லொய்ட்' 1884இல் பரோஸ் வெல்கம் மருந்துக் கம்பெனி தன் அழுத்திய மாத்திரைக்கு வைத்த பெயர், செய்தியையும் மாத்திரையாக அழுத்தித் தருவதால் சின்னப் பேப்பருக்கு ஒட்டிக்கொண்டது என்றேன். 'கசெட்' வெனிஸ் நகரத்துச் சின்னக் காசின் பெயரிலிருந்து வந்தது என்றபோது அவள் பேனை பறந்தது. உடனே எனக்கே ஒன்று பளிச்சென்று வெளித்தது! கசெட்டுக்கு இலங்கையில் நாம் என்ன சொல்கிறோம்? வர்த்தமானி. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வந்தபோது தோட்டம் தோட்டமாக எல்லோர் வாயிலும் இருந்த சொல். வர்த்தமானம் என்றால் நடந்துகொண்டிருப்பது, நிகழ்காலம். ஆங்கிலத் தலைப்பைப் பாருங்கள், நேற்று நடந்ததையும் நிகழ்காலத்தில்தான் எழுதும், மந்திரி நேற்று விலகியிருந்தாலும் 'மினிஸ்டர் ரிசைன்ஸ்' என்றுதான் போடும். வருசக்கணக்காக அந்த விதியைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக ஏற்றிய எனக்கு, அதன் காரணம் என் சொந்த மொழியிலேயே படுத்திருந்தது தெரியாமல் போய்விட்டது. செய்தி என்றைக்கும் நிகழ்காலம். சீட்டிலிருந்து எழுந்தே விட்டேன்!

ஒரே ஒரு இடத்தில் சத்தம் குறைந்தது. அவள் கொப்பியில் 'லேண்ட்ஸ்லைட்' என்ற சொல்லுக்குத் தேர்தலில் பெருவெற்றி என்று மட்டும் எழுதியிருந்தது. நான் ஜன்னல் வழியாக, அங்கிருந்து தெரியாத கொஸ்லாந்தைப் பக்கம் கையைக் காட்டி, 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியதைச் சொன்னேன். இந்த மாகாணத்தில் அந்தச் சொல்லை வெற்றி என்று எங்களால் வாசிக்க முடியாது. அவள் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சொல்லுக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

பிறகு ஒன்பது வளைவுப் பாலம். இரும்பே போடாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலத்தில் ரயில் மெல்ல ஊர்கிறது, சக்கரச் சத்தம் மாறுகிறது, கீழே பச்சைப் பள்ளம், சுற்றுலாக்காரர்கள் கைகாட்டிக் கூவுகிறார்கள், அந்தக் கூச்சலுக்கு நடுவில் அவள் கேட்டாள், எடிட்டருக்குத் தமிழில் என்ன? ஆசிரியர் என்றேன். டீச்சருக்கு? அதுவும் ஆசிரியர்தான்! அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உலகத்தையே வென்றவன்போல் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் செய்தி என்றால் என்ன பொருள் என்றாள். செய் என்பதிலிருந்து வந்தது, செய்கை, நடந்த காரியம் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஆங்கிலம் புதுசைப் பார்க்கிறது, சீனம் காதைப் பார்க்கிறது, எங்கள் தமிழ் காரியத்தைப் பார்க்கிறது! யாராவது ஒன்றைச் செய்ய வேண்டும், அது புதுசாக இருக்க வேண்டும், எங்கோ ஒரு கதவில் அதைக் கேட்க ஒரு காது இருக்க வேண்டும். வீரகேசரி 1930இல் பிறக்கும் முன்பே, வெளியாள் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேசத்தில் போய், பார்த்ததையெல்லாம் பத்திரிகையில் எழுதிய நடேசய்யர் செய்தது இந்த மூன்றும்தானே! வெளியே தேயிலைச் செடிகள் ஓடுகின்றன. அந்தத் 'தே'கூடச் சீனத்துக் கரையோரப் பேச்சிலிருந்து வந்த சொல் என்று சொன்னேன். எங்கள் பரம்பரையே முதுகில் கூடையாகச் சுமந்தது உங்கள் ஊர்ச் சொல்லை என்றேன். என் குரல் உடைந்துவிட்டது.

எல்லை ஸ்டேசன் வந்துவிட்டது, இவ்வளவு சீக்கிரமாக! இந்தப் பயணத்தில் எனக்கு இருந்த ஒரே குறை, எல்லை இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான். அவள் என் பேப்பர் ஓரத்தில் கதவையும் காதையும் வரைந்தாள். அவள் கொப்பியில் நான் 'செய்தி' என்று எழுதினேன். ரயில் நகர்ந்தபோது அவள் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிப் பார்த்தது பண்டாரவளை வரைக்கும் என் காதில் கேட்டது.

ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளே, தயவுசெய்து சொற்களைப் பட்டியலாகப் போட்டு விழுங்காதீர்கள். ஒரு பேப்பரை எடுங்கள், ஒரு சொல்லைப் பிடியுங்கள், பக்கத்தில் உங்கள் சொந்தச் சொல்லை உட்கார வைத்து இரண்டையும் பேசவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை என் வகுப்பில் அதைத்தான் செய்தேன். அந்தச் சீன எழுத்தைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்து, ஒவ்வொருவரும் வீட்டில் யாருக்காவது ஒரு செய்தியை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். அதற்கடுத்த வாரம், பின்வரிசையில் வாயே திறக்காத ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தினாள். "சேர், நான் ஆயாவுக்கு மட்டுந்தான் வாசிச்சேன். பக்கத்து வீட்டுக் கதவும் தொறந்துச்சு."