வெள்ளிவீதியார் யார் குரலில் அழுதார்?

வெள்ளிவீதியாரைப் பற்றிப் பள்ளியில் நாங்கள் படித்தது இவ்வளவுதான்: பிரிந்துபோன கணவனைத் தேடி ஊரூராய் அலைந்த பெண். இதற்குப் பெரிய ஆதாரம் ஔவையாரின் அகநானூறு 147ஆம் பாட்டு. பிரிவில் வாடும் தலைவி, வெள்ளிவீதியைப்போலத் தானும் கிளம்பிவிட எண்ணுவதாக அதில் வருகிறது. அன்றிலிருந்து அவருடைய 13 பாடல்களும் ஒரு கைவிடப்பட்டவளின் நாட்குறிப்பாகவே வாசிக்கப்படுகின்றன.

நானும் அப்படித்தான் வாசித்தேன். சட்டனுக்கு வந்த ஏழாம் வருடத்தில் என் மணவாழ்வு முறிந்தது. தொலைபேசியில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: மறந்துவிடு, உன்னைப் பார். அப்போது கையில் கிடைத்தது குறுந்தொகை 58. வெயில் ஏறும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறான். அறிவுரை சொல்லும் நண்பர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. என் பாட்டு என்றே நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், பேசுபவன் ஆண். பாங்கனிடம் தலைவன் சொல்வது.

அதற்குப்பின் மற்றவற்றையும் கூற்றைப் பார்த்து வாசித்தேன். 44இல் கால் ஓய்ந்து, பார்த்துப் பார்த்துக் கண் மங்கித் தேடுபவள் காதலி அல்ல, மகளைத் தொலைத்த செவிலித்தாய். 130இல் நாடுநாடாக, ஊரூராக, வீடுவீடாகத் தேடினால் அகப்படாமலா போவான் என்று தேற்றுபவள் தோழி. வாழ்க்கைக் கதையாக வாசிப்பவர்கள் இதைக் கவனியாது விடுகிறார்கள். அலைந்தாரோ இல்லையோ, அந்த வலியை ஆணுக்கும் தாய்க்கும் தோழிக்கும் பிரித்துக் கொடுக்கும் தெம்பு இந்தப் பெண்ணுக்கு இருந்திருக்கிறது. உருக்குலைந்த ஒருத்தியால் செய்யக்கூடிய வேலை இல்லை அது.

ஆனாலும் கை ஒன்றுதான். 27இல் தலைவியின் அழகு, கன்றும் குடிக்காமல் கலத்திலும் சேராமல் நிலத்தில் சிந்திய பால். அங்கே பால், இங்கே வெண்ணெய். இரண்டையும் யாரும் திருடவில்லை. நல்ல பொருள் வீணாகிறது, அவ்வளவுதான். வழக்கறிஞருக்கு நான் எழுதிய கடிதங்களில் எப்போதும் ஒரு திருடன் இருந்தான்.

அகநானூறு 45இல் அவருடைய தலைவி, ஆதிமந்தியைப்போலப் பேதுற்றுத் திரிவேனோ என்று கேட்கிறாள். அந்த ஆதிமந்தி பெயரிலும் குறுந்தொகையில் 31ஆம் பாட்டு இருக்கிறது. ஒருத்தி பெயரை இன்னொருத்தி பிடித்துக்கொள்ள, அவள் பெயரை ஔவையார் பிடித்துக்கொள்கிறார். சட்டன் நூலகத்தில் நான் எடுத்த சுயஉதவிப் புத்தகங்கள் துயரத்தைப் படிப்படியாக ஏறிக் கடக்கச் சொல்லின. இங்கே படிகள் இல்லை, முன்னால் போனவளின் பெயர் இருக்கிறது.

44ஐ இப்போது என் குரலில் வாசிக்க முடிவதில்லை. அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தினமும் எடுத்தா. சாப்பிட்டியா என்பதைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. பாதி நாள் நான் போனை எடுக்கவில்லை.