கொடைக்கும் கிழமைக்கும் இடையில்

எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சிறு நகரத்தில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறையில் கூடுவார்கள். ஆளுக்கு ஐம்பது ரூபாய் சந்தா. உதவித்தொகை நின்றுபோனவரோடு தாலுகா அலுவலகத்துக்குப் போவது, ஏற்றாமல் போன பேருந்தைப் பற்றிப் புகார் எழுதுவது, வீட்டில் அடிபடும் பெண்ணைப் போய்ப் பார்ப்பது, இவைதான் அவர்கள் செய்யும் வேலை. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அறக்கட்டளையின் மானியத்துக்கு விண்ணப்பம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள், கவிதை எழுதுகிறவள், ஆங்கிலமும் ஓரளவு வரும். உள்ளூர மகிழ்ச்சியோடுதான் ஒப்புக்கொண்டேன்.

படிவத்தில் ‘பயனாளி ஒருவரின் கதை’ என்று ஒரு கட்டம் இருந்தது. சங்கத் தலைவியின் கதையை எழுதினேன். போலியோ, நான்கு சுவர், அம்மாவின் கண்ணீர், பிறகு சங்கம் தந்த வெளிச்சம். கூட்டத்தில் வாசித்துக் காட்டியபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைவி மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க டீச்சர். ஆனா இதக் கேட்டா எனக்கே என்மேல பாவமா இருக்கு. இந்தச் சங்கத்த ஆரம்பிச்சதே நான். என்னையே பயனாளின்னு எழுதிட்டீங்களே.”

மானிய விண்ணப்பப் படிவத்தை ஒரு பிரதியாக வாசிக்க நான் தொடங்கியது அன்றைக்குத்தான்.

எந்தப் பிரதிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. இந்தப் படிவத்தின் இலக்கணம் நான்காம் வேற்றுமை. ‘மாற்றுத்திறனாளிகளுக்கு’ உபகரணம், ‘மாற்றுத்திறனாளிகளுக்காக’ இல்லம், பயிற்சி, முகாம். நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களை வரிசைப்படுத்தும் நன்னூலார் கொடையைத்தான் முதலில் வைக்கிறார். கொடையில் கொடுப்பவர் எழுவாய். பெறுபவர் ‘கு’ உருபு ஏற்று ஓரமாக நிற்பவர். ஆறாம் வேற்றுமையின் பொருளோ கிழமை, அதாவது உரிமை. ‘மாற்றுத்திறனாளிகளுக்கான சங்கம்’ என்பதற்கும் ‘மாற்றுத்திறனாளிகளுடைய சங்கம்’ என்பதற்கும் நடுவே ஓர் உருபுதான் வேறுபடுகிறது. பணம் யார் கையில் சேர்கிறது என்பதும் அந்த உருபோடு சேர்ந்தே மாறுகிறது.

இது தமிழாசிரியையின் சொல் விளையாட்டு இல்லை. ஐ.நா. பொதுச்சபை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதி செய்தது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2018இல் வெளியிட்ட ஏழாவது பொதுக் கருத்துரை இந்த வேறுபாட்டைத்தான் வலியுறுத்துகிறது. மாற்றுத்திறனாளிகளே தலைமை ஏற்று, வழிநடத்தி, உறுப்பினர்களில் தெளிவான பெரும்பான்மையாகவும் இருக்கும் அமைப்புகள் ஒரு வகை. அவர்களுக்காகச் சேவை செய்யும், அவர்கள் சார்பாகப் பேசும் அமைப்புகள் வேறு வகை. சட்டம் இயற்றும்போதும் கொள்கை வகுக்கும்போதும் முதல் வகையினரின் கருத்துக்கே அரசுகள் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது அந்தக் கருத்துரை.

நம் நாட்டில் நிதி பாயும் வாய்க்கால்கள் இரண்டாம் வகையை நோக்கியே வெட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றிய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் உண்டு. அது சிறப்புப் பள்ளி, ஆரம்பநிலைப் பயிற்சி மையம் போன்ற சேவைகளுக்கானது. அவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினெட்டுப் பெண்கள் ஒரு வகுப்பறையில் கூடி, ‘என் உதவித்தொகையை என் அண்ணன் எடுத்துக்கொள்கிறான், என்ன செய்யலாம்?’ என்று பேசுவதை எந்தச் சேவையின் பெயரில் எழுதுவது?

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பாருங்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிறுவனம் தானே தொடங்காத ஓர் அமைப்பின் வழியாகச் செலவிடுவதானால், அந்த அமைப்புக்குப் பதிவும் வருமான வரிச் சான்றுகளும் குறைந்தது மூன்றாண்டுப் பணி அனுபவமும் வேண்டும். வெளிநாட்டு நிதிக்கான கதவு இன்னும் குறுகியது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும் என்று 2020இல் விதி மாறியது. மாதம் ஐம்பது ரூபாய் சந்தாவில் பதினெட்டுப் பேர் அந்தத் தொகையைத் தொட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நூறாண்டுக்கும் மேல் ஆகும்.

முன்பு ஒரு சந்து இருந்தது. பதிவு பெற்ற பெரிய நிறுவனம் நிதி வாங்கி, பதிவு பெற்ற சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படிக் கைமாற்றுவதை முழுக்கத் தடை செய்தது. அதே திருத்தம், நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. நிர்வாகச் செலவு என்றால் கார், ஏசி அறை என்று நமக்கு ஒரு சித்திரம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் பெண்ணுக்கான ஆட்டோ வாடகை, காது கேளாத பெண்ணுக்கான சைகைமொழிபெயர்ப்பாளர், துணைக்கு வருபவரின் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும், இவை எந்தத் தலைப்பில் வரும்? நான் நிரப்பிய படிவத்தில் இவற்றுக்குக் கட்டமே இல்லை. ‘இதர செலவுகள்’ என்ற வரியில் எழுதினேன். அந்த அமைப்பு மூச்சுவிடுவதற்கான செலவு, படிவத்தின் கண்ணில் இதர செலவு.

வேறு விதமாகவும் நிதி தர முடியும் என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. 1972இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், எட் ராபர்ட்ஸ் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் சுதந்திர வாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். நடத்தியதும் அவர்களே. அந்த மையத்தில் பொறுப்பு வகித்த ஜூடி ஹியூமன், 1977இல் சான் பிரான்சிஸ்கோவின் கூட்டாட்சி அரசுக் கட்டடத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் நடந்த உள்ளிருப்புப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். சட்டத்தில் எழுதப்பட்டும் நடைமுறைக்கு வராமலிருந்த பாகுபாட்டுக்கு எதிரான விதிகளில் அமைச்சர் கையெழுத்திட்டது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான். உள்ளே இருந்தவர்களுக்குக் கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர் உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். கூடுவதற்கு ஓர் இடமும் அன்றாடம் இயங்கும் ஓர் அலுவலகமும் கைவசம் இருந்ததன் விளைவு இது. எந்த மானியப் படிவத்தின் ‘எதிர்பார்க்கும் பயன்’ கட்டத்திலும் அதை முன்கூட்டியே எழுதியிருக்க முடியாது. இன்று அத்தகைய மையங்களின் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத்தின் நிபந்தனை. 2008இல் தொடங்கிய டிசபிலிட்டி ரைட்ஸ் ஃபண்ட் என்ற நிதியம் இன்னும் ஒரு படி மேலே போனது. யாருக்கு மானியம் என்று முடிவு செய்யும் மேசையிலேயே நன்கொடையாளர்களோடு மாற்றுத்திறனாளிச் செயல்பாட்டாளர்களும் உட்காருகிறார்கள்.

‘சின்னச் சங்கங்களுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது, பணம் வீணாகிவிடும்’ என்பார்கள். பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. கணக்கு எழுதப் பழக்குவதற்கும் பணம் கொடுக்கலாமே என்பதுதான் என் கேள்வி. மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தபோதும் இதே சந்தேகம் கிளம்பியது. கூட்டிப் பெருக்கத் தெரியாது என்று சொல்லப்பட்ட பெண்கள் இன்று பேரேடு எழுதுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கையைத் தவிர்க்க முடியாது. ‘மாற்றுத்திறனாளிகள் தலைமையில்’ என்று எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. ஒரு மாற்றுத்திறனாளி ஆணைத் தலைவராக உட்காரவைத்து, மற்றவர்கள் நடத்தும் அமைப்புகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிச் சங்கங்களுக்குள்ளும் பேசக்கூடிய, படித்த, ஆதிக்கச் சாதி ஆண்களின் குரல் முன்னால் வந்துவிடுகிறது. காது கேளாத பெண்ணும் அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணும் அங்கேயும் கடைசி வரிசையில்தான். மாற்றுத்திறனாளிப் பெண்கள் பன்முகப் பாகுபாட்டுக்கு ஆளாவதைச் சொல்ல ஐ.நா. உடன்படிக்கைக்குத் தனியே ஆறாம் உறுப்பு தேவைப்பட்டது இதனால்தான். பெண்ணியவாதிகளாகிய நாமும் யோக்கியமாக இருந்துவிடவில்லை. நம் கருத்தரங்குகள் எத்தனை முறை மாடியில் நடந்திருக்கின்றன? ‘அது வேறு துறை’ என்று நாம் தள்ளிவிட்டதால், பெண்கள் அமைப்புகளுக்கான நிதியிலும் இவர்கள் இல்லை, மாற்றுத்திறனாளி அமைப்புகளுக்கான நிதியிலும் இல்லை.

என்னிடமே திரும்புகிறேன். மற்றவர்களின் துயரத்தை நல்ல மொழியில் எழுதுவதை நான் ஒற்றுமை என்று நம்பியிருந்தேன். அந்தக் கதையில் நானும் கொடுப்பவள்தான். என் கையில் பணம் இல்லை, வாக்கியம் இருந்தது. எழுவாயாக நானே நின்றுகொண்டு அவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்தினேன்.

அந்த மானியம் கிடைக்கவில்லை. மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை இல்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அதன் பிறகு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். கணக்கெழுத ஒரு பெண் பயிற்சிக்குப் போனார். சென்ற ஆண்டு வேறு ஓர் இடத்துக்கு விண்ணப்பம் தயாரானது. இம்முறை அவர்கள் பேசினார்கள், நான் தட்டச்சு செய்தேன், அவ்வளவுதான். ‘பயனாளிகள் எத்தனை பேர்?’ என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். தலைவி யோசித்துவிட்டு, “உறுப்பினர்கள் பதினெட்டுப் பேருன்னு போடுங்க டீச்சர்” என்றார். படிவம் ஏற்கும் விடை அதுவா என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் அப்படியே போட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை. இரண்டாவது சனிக்கிழமைக் கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.