மேடை, திரை, விளக்கு: யார் தாளத்துக்கு யார் ஆடுவது?

கரடியூர் வியூ பாயின்ட்டில் ராத்திரி நின்றால், கீழே சமவெளியில் ஏதாவது ஒரு ஊரில் திருவிழா வாணம் வெடிப்பது தெரியும். பூ விரிந்து அணைந்த பிறகுதான் சத்தம் மேலே வரும். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது என் பழைய பொழுதுபோக்கு. வெளிச்சம் முன்னே, ஓசை பின்னே. நம் மூளை பழகிய வரிசை இது.

போன மாதம் சேலத்தில் ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சி. எனக்கு முன்வரிசை, மேடையிலிருந்து சுமார் 10 மீட்டர். எல்.இ.டி. திரையில் பாடகரின் உதடு பாட்டுக்குப் பின்னால் ஓடிவந்தது. கேமரா, ஸ்விட்சர், திரையின் பிராசசர் எல்லாம் சேர்ந்து மூன்று ஃபிரேம் தின்றதாக வைத்துக்கொள்வோம். 25 ஃபிரேம் கணக்கில் 120 மில்லிவிநாடி. ஸ்பீக்கர் ஓசை என்னிடம் வர 30 போதும். ஆக, ஓசை 90 முந்துகிறது. தொலைக்காட்சிக்கான ஐ.டி.யூ. பரிந்துரைப்படி (பி.டி.1359) ஓசை 45 முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம், பிந்தினால் 125 வரை தெரியாது. 40 மீட்டர் பின்னால் நின்ற தம்பியோ "சரியாத்தானே இருந்துச்சு" என்றான். அவனுக்கு ஓசையும் கிட்டத்தட்ட அதே 120-ல் வந்திருக்கும். டிக்கெட் விலையில் பாதிதான் கொடுத்தான்!

இதையாவது மன்னிக்கலாம். என் சண்டை டைம்கோடோடு. மணி:நிமிடம்:விநாடி:ஃபிரேம் என்று ஒரு கடிகாரம் ஓடும். விளக்கு டெஸ்க்கும் வீடியோ சர்வரும் அதைப் பின்தொடரும். டிரம்மர் காதில் கிளிக். எல்லாம் கச்சிதம், பாடகர் மனசு மாறாத வரைக்கும். அன்று அவர் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கூட்டத்தைப் பாடவிட்டார். ஜனம் உருகிப் பாடுகிறது, விளக்குகளோ இன்னும் தொடங்காத டிரம்ஸுக்குப் பளிச் பளிச்சென்று வெட்டுகின்றன. அவர் திரும்பிப் பார்த்தார், பல்லவியைச் சுருக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பிடிக்க ஓடினார். எனக்கு வயிற்றெரிச்சல்.

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் ஒலி-ஒளிக் காட்சிக்கு இந்த முறை பொருந்தும். சிலப்பதிகாரக் கதை உட்பட எல்லாக் குரலும் பதிவு. கண்ணகி வந்து "இன்னொரு தரம்" என்று கேட்கப் போவதில்லை. நம் பக்கத்துத் தெருக்கூத்து நேர் எதிர். மிருதங்கக்காரர் கண் கூத்தாடியின் காலில்; கிறுக்கி ஒரு சுற்று கூடினால் அடியும் கூடும்.

டைம்கோடே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டைப் பல்லவி, சரணம், இடையிசை என்று துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஆபரேட்டர் விரலால் தட்டிவிடலாமே. விளக்குக்குப் போகும் டி.எம்.எக்ஸ். கட்டளை, 512 சேனலும் நிரம்பினால்கூட விநாடிக்கு 44 தடவை போகிறது. தாமதம் அங்கே இல்லை.

கடைசிக்கு முந்தின பாட்டுக்கு டிராக் இல்லை. வெறும் தபலாவும் ஹார்மோனியமும். விளக்கு டெஸ்க்கில் இருந்த பையன் கையாலேயே ஓட்டினான். தீர்மானத்தில் மேடை முழுக்கச் சிவந்தது, ஒரு அடி பிசகவில்லை. அவன் டெஸ்க்கைப் பார்க்கவே இல்லை. எட்டி எட்டி தபலாக்காரர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.