பிரீகாஸ்ட் வீடும் பழைய கோப்பும்

பெரும்பாக்கத்தில் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் கட்டிய 1,152 வீடுகளைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே பாட்டுதான்: எவ்வளவு வேகம்! 2021 ஜனவரி 1-இல் அடிக்கல், 2022 மே 26-இல் திறப்பு. தூண், பீம், ஸ்லாப் எல்லாம் முன்கூட்டியே வார்த்து, கிரேனில் தூக்கிப் பூட்டியிருக்கிறார்கள். வேகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மணலி புதுநகரிலிருந்து பார்க்கிறவனுக்கு வேறொரு கேள்வி வருகிறது. முப்பது வருஷம் கழித்து இதை ரிப்பேர் பண்ணப் போகிறவர் கையில் என்ன இருக்கும்?

கேள்விக்குக் காரணம் இருக்கு. 2021 டிசம்பர் 27 அன்று, பக்கத்துத் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகள், சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் வெளியே வந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அது பிரீகாஸ்ட் கட்டடம் இல்லைதான். ஆனால் பிரீகாஸ்ட்டில் பலவீனம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஜாயின்ட்டில் இருக்கும். அங்கே குடியிருப்பவர் கண்ணும் உதவாது.

லண்டனின் ரோனன் பாயின்ட் இதற்குப் பாடம். 22 மாடி, பலகை பலகையாகப் பூட்டியது. 1968 மே 16-இல் 18-ஆம் மாடியில் கேஸ் வெடித்து, ஒரு மூலை மொத்தமும் சரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். 1986-இல் கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தபோது, சிமென்ட் கலவை இருக்கவேண்டிய ஜாயின்ட்டுகளில் செய்தித்தாள் திணித்திருந்தது தெரிந்தது. வரைபடத்தில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்!

நமக்கும் இது புதுசு இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு டெல்லியில், ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் வீட்டுவசதி இயக்குநராக இருந்தபோது, அகதிகளுக்காக ஒரு வீட்டுத் தொழிற்சாலையை அரசே தொடங்கியது. அந்தப் பலகைகள் சரிவரவில்லை, திட்டம் தோற்றது. அந்த ஆலைதான் பிறகு ஹிந்துஸ்தான் பிரீஃபேப் ஆனது. ஆனாலும் ஒவ்வொரு தலைமுறையும் பிரீகாஸ்ட்டை முதல்முறை பார்ப்பதுபோலவே கைதட்டுகிறது.

இப்போது 'பிம்' என்கிற டிஜிட்டல் கட்டட மாதிரியைச் சர்வரோக நிவாரணியாகச் சொல்கிறார்கள். லேசர் ஸ்கேன் சுவரின் மேல்தோலைத்தான் படிக்கும். உள்ளே கம்பி எப்படிப் போகிறது, எந்த ஜாயின்ட்டில் எந்தக் கலவை, யார் எப்போது ஒட்டுப்போட்டார் என்று அதுக்குத் தெரியாது. வரைபடத்தை வைத்து மாதிரி செய்தால், நடந்த வேலையை விட்டுவிட்டு நினைத்த வேலையைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம்.

அதனால் வரிசை மாற வேண்டும். முதலில் எம்-புக், வேலைமுடிப்பு வரைபடம், பராமரிப்புப் பதிவேடு, அன்று வேலை பார்த்த மேஸ்திரியின் நினைவு. அப்புறம் ஒன்றிரண்டு ஜாயின்ட்டை உடைத்துப் பார்ப்பது. கடைசியில்தான் மாடல். குடியிருப்பவர்கள் செய்த மாற்றங்களும் அதில் ஏற வேண்டும். எங்க ஊர் வீடுகளில் ஒரு ரூம் இழுத்துக்கட்டுவது சகஜம். பாரம் தாங்கும் பலகையில் அதையே செய்தால், மேல்வீட்டுக்காரருக்கும் ஆபத்து. இதை யாராவது அவர்களிடம் சொல்லவேண்டாமா?

எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்று யாருக்கும் காத்திருக்காது. கம்பி துருப்பிடித்து உப்பினால் கான்கிரீட் பெயரும். இங்கே பிரீகாஸ்ட் வருவதானால், சாவி கொடுக்கும் நாளிலேயே ஒவ்வொரு ஜாயின்ட்டின் பதிவும் வாரியத்திடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழுதுபார்ப்பது பேச்சிலேயே இருக்காது. இடித்துக் கட்டுவது மட்டும்தான் மிஞ்சும். இடிக்கும்போது எங்கே போய் இருப்பது என்ற கவலை, எப்போதும்போல, அந்த வீட்டுக்காரர்களுடையது.