ஆக்கிய பாத்திரமும் எழுதிய பாத்திரமும்

நண்பர்கள் இருவர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு விமர்சனம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்கிறார் ஒருவர். மற்றவர் நுட்பமானவர். பாத்திரத்தின் குணத்தை ஆடுகிறவனே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டால் அங்கே கதை என்று ஒன்று இருக்க முடியாது என்கிறார். முதல்வருக்குப் பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை. இரண்டாமவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

1997இல் ஸ்கொயர் என்ற ஜப்பானிய நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டஸி 7'ஐ எடுத்துக்கொள்கிறேன். கதை முன்பே எழுதிவைக்கப்பட்டது. பாத்திரங்களைப் போருக்குத் தயார்செய்கிற காரியம்தான் நம்முடையது. மெட்டீரியா என்கிற மணிகளை ஆயுதத்திலும் கவசத்திலும் உள்ள குழிகளில் பதித்தால் மந்திரம் வசமாகும். எந்த மணியையும் யாருக்கும் பதிக்கலாம். மந்திரத்தின் தேர்ச்சி மணியில் ஏறுகிறதே தவிர ஆளிடம் ஏறுவதில்லை.

ஏரித் என்ற பூக்காரப் பெண்ணைக் கதையின் நடுவில் செஃபிரோத் என்பவன் வாளால் குத்திக் கொன்றுவிடுகிறான். தடுக்க வழியே இல்லை. முதல் தடவை ஆடியபோது திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பிறகு மெனுவைத் திறந்தேன். அவளிடம் பதித்திருந்த மணிகள் என் இருப்பில் வரவாகியிருந்தன. குணப்படுத்தும் மணியை எடுத்து இன்னொருத்திக்குப் பதித்தேன். கணக்கு நேராகிவிட்டது. பகலெல்லாம் வங்கியில் செய்கிற வேலைதான். இறந்துபோன வாடிக்கையாளரின் இருப்பை வாரிசு பெயருக்கு மாற்றும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அன்றிரவும் ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கண்டு கூசினேன்.

ஈடுசெய்ய முடியாதவள் என்கிறது கதை. ஈடுசெய்தாயிற்று என்கிறது ஆட்டத்தின் ஏற்பாடு. அவளுக்கே உரிய விசேஷ சக்திகள் சில மட்டும் அவளோடு போய்விட்டன. அடுத்த போரில் அவற்றைத் தேடியபோதுதான் எனக்கு இழப்பு உறைத்தது.

பிளாக் ஐல் ஸ்டுடியோஸின் 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' (1999) வேறு வழியில் போகிறது. பெயரற்ற ஒருவன் பிணவறை மேடையில் விழிக்கிறான். சாவு இல்லை, ஞாபகமும் இல்லை. பலம், புத்தி, விவேகம் முதலான ஆறு குணங்களுக்கும் புள்ளிகளை நாமே பங்கிடலாம். போர்வீரனாகத் தொடங்குகிறவனைத் திருடனாகவோ மந்திரவாதியாகவோ ஆக்கலாம். ஆனால் இதே உடம்பில், ஒவ்வொரு மறதிக்கு முன்னாலும் வேறு வேறு ஆள் வாழ்ந்திருக்கிறான். டெயோனாரா என்ற பெண்ணின் ஆவி இவனைக் காதலனாக நினைத்துப் பேசுகிறது. அவள் காதலை முன்னால் இருந்தவன் கருவியாகப் பயன்படுத்திக்கொண்டவன். நான் புதிதாக ஆக்கியவன், தான் செய்யாததற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே நான் ஆக்குவதும் அவர்கள் எழுதியதும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன.

சண்டைகள் மோசம், அதை மறைப்பதற்கில்லை. இன்னொரு குறை முக்கியமானது. விவேகத்துக்கும் புத்திக்கும் புள்ளி குறைத்தால் பல ஞாபகங்கள் திறப்பதில்லை. பல வாக்கியங்களை அவனால் பேசவே முடியாது. பலசாலி மூடனாக ஒருமுறை ஆடிப் பார்த்தேன். வெட்டாத பக்கங்களோடு ஒரு புத்தகத்தைப் படித்த மாதிரி இருந்தது. சுதந்திரம் கொடுத்துவிட்டு, ஒரு விதமாக ஆக்கினவனுக்கே கதையை அளப்பது பாரபட்சம் என்று அப்போது கோபப்பட்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தன் பழி தெரியாமலே திரிகிறான் அந்த மூடன். அதுவும் அவன் கதைதான்.

இதை நண்பரிடம் சொன்னேன். 'அந்த மூடனின் கதையை அவர்கள் எழுதவில்லையே, நீங்களல்லவா எழுதிக்கொள்கிறீர்கள்' என்றார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.