வளையை விட்டு வெளியே: சுகிர்லாபக் கதையின் நான்கு நண்பர்கள்

சிறுவர் இலக்கியம் என்றவுடன் நம் ஆசிரியர்களுள் பலருக்கு நீதியே முதலில் நினைவுக்கு வருகின்றது. கதையைச் சொல்லி முடித்ததும், "இதனால் அறியப்படும் நீதி யாது?" என்று வினவுவது நம் வகுப்பறை மரபு. அம்மரபு பழுதுடையதன்று. ஆயினும், ஒரு கதையின் முழுப் பொருளும் ஒரு வரி நீதிக்குள் அடங்கிவிடும் என்று கொள்ளும்போது அக்கதையின் உயிர்நிலை நம் கையை விட்டு நழுவிவிடுகின்றது. அவ்வாறு நழுவிய கதைகளுள் ஒன்று, பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரமாகிய சுகிர்லாபம். காகம், எலி, ஆமை, மான் என்னும் நால்வரின் நட்பைக் கூறும் இக்கதையை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் படிப்பது குறைப்பார்வை. அடிப்படையில் இது இருப்பிடம் விட்டுப் புறப்பட்டோரின் கதை என்பதையும், தோட்டப்புறத்திலிருந்து புறப்பட்ட நம் சமுதாயத்திற்கு இது தனிப்பொருள் உடையது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

கதையும் ஒரு பயணி

விலங்குகளின் பயணத்தைக் கூறும் இந்நூல் தானும் நெடும்பயணம் செய்துள்ளது. வடமொழியில் தோன்றிய பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பகலவி மொழிக்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும் சென்றது. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த தமிழ் உரைநடை நூல் 1826இல் வெளிவந்தது. அடுத்து நிகழ்ந்தது மலேசியத் தமிழர் மறத்தற்கரியது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, தமிழ் அறிந்தவர். அவர் 1835இல் ஒரு தமிழ் நண்பரின் துணையோடு பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய் மொழிக்குப் பெயர்த்தார். நட்பைக் கூறும் நூல் நட்பினாலேயே இந்நாட்டு மொழிக்கு வந்தது என்பது பொருத்தமே.

புறப்பாடு

வகுப்பறையில் நாம் பெரிதும் எடுத்தாள்வது இக்கதையின் தொடக்கப் பகுதி. வேடன் விரித்த வலையில் சிக்கிய புறாக்கள் ஒருங்கே சிறகடித்து வலையோடு பறக்கின்றன. இரணியகன் என்னும் எலி வலையை அறுத்து அவற்றை விடுவிக்கின்றது. ஒற்றுமையே வலிமை என்று கூறிப் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகின்றோம். ஆனால் கதை அங்கேதான் தொடங்குகின்றது.

நிகழ்ந்ததைக் கண்டிருந்த லகுபதனன் என்னும் காகம் எலியின் நட்பை வேண்டி நிற்கின்றது. எலி மறுக்கின்றது. எலியை உண்பது காகம். உண்பானுக்கும் உணவுக்கும் நட்பு எவ்வாறு இயலும்? எலியின் வினா நேர்மையானது. அதற்கு நெடிய வாதத்தாலும் பொறுமையாலும் விடை காண்கின்றது காகம். பின்னர் அவ்விடத்தில் இரை அருகியபோது, தன் நண்பனாகிய மந்தரகன் என்னும் ஆமை வாழும் தொலைவான ஏரிக்குச் செல்லக் காகம் முடிவு செய்கின்றது. எலியும் உடன் வருவதாகக் கூறிக் காகத்தின் முதுகில் ஏறிக்கொள்கின்றது.

ஈண்டு ஒன்றை நோக்குதல் வேண்டும். எலியின் வளைக்கு வாயில்கள் பல. ஆயினும் அவை யாவும் ஒளிந்துகொள்வதற்காக அமைந்தவை. ஒன்றேனும் வேறு நாடு செல்வதற்காக அமைந்ததன்று. அத்துணை வாயில்களைக் கொண்டிருந்தும் வெளியேற இயலாதிருந்த எலி, தன் பகைவன் குலத்தைச் சேர்ந்த ஒருவனின் முதுகில் ஏறியே வெளியேறுகின்றது. இக்கதையின் வீரச்செயல் இதுவே. வலையை அறுப்பதற்குப் பல் போதும். காகத்தின் முதுகில் ஏறுவதற்கு நெஞ்சம் வேண்டும்.

எலி ஏன் புறப்பட்டது என்பதை ஏரிக்கரையில்தான் அறிகின்றோம். துறவி ஒருவரின் மடத்தில் அது சேர்த்து வைத்திருந்த பொருட்குவை தோண்டி எடுக்கப்பட்டது. குவை போனதும் உயரத் தாவும் ஆற்றல் போயிற்று. ஆற்றல் போனதும் சுற்றம் போயிற்று. சிறுவர் பதிப்புகளுக்காகக் கதையைச் சுருக்குவோர், துயரம் சிறுவர்க்கு ஆகாது என்று கருதி இப்பகுதியை வெட்டிவிட்டால், புறப்பாட்டிற்குரிய காரணமே மறைந்துவிடும். எலி வெறும் உல்லாசப் பயணியாகிவிடும். வேடனுக்கு அஞ்சி ஓடிவந்து இவர்களோடு சேரும் சித்திராங்கன் என்னும் மானும் அடைக்கலம் தேடி வந்ததே. ஆக, ஏரிக்கரையில் கூடிய நால்வருள் ஆமை ஒன்றே அவ்விடத்திற்கு உரியது.

ஆமை ஏன் வந்தது?

மான் கண்ணியில் சிக்குகின்றது. காகம் தேடிக் கண்டு, எலியைச் சுமந்து செல்கின்றது. எலி கண்ணியை அறுக்கின்றது. அவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய செயல், ஆமை மெல்ல மெல்ல நடந்து அங்கு வந்து சேர்வதால் சிக்கலாகின்றது. வேடன் வந்தபோது ஏனையோர் தப்பினர், ஆமை அகப்பட்டது.

இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் முதலையை எடுத்துக்காட்டுகின்றார். ஆழ்ந்த நீரில் வெல்லும் அது, நீரை விட்டு நீங்கினால் பிற உயிர்களிடம் தோற்கும் என்பது அவர் கருத்து. அந்நெறியால் அளந்தால் மந்தரகன் செய்தது பிழையே. நண்பரும் அதனைக் கடிந்துகொள்கின்றனர். ஆயினும் பிரிந்திருக்கப் பொறாத அன்பினாலேயே அது வந்தது. கதையாசிரியர் கடிதலையும் மறைக்கவில்லை, அன்பையும் சிறுமைப்படுத்தவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துச் செல்கின்றார். இதுவே இக்கதையை வெறும் நீதிக்கதையினின்று உயர்த்துகின்றது.

மீட்பு நிகழும் முறையும் கருதத்தக்கது. மான் நீர்க்கரையில் இறந்ததுபோல் கிடக்கின்றது. காகம் அதன் கண்ணைக் கொத்துவதுபோல் நடிக்கின்றது. வேடன் ஆமையைக் கீழே வைத்துவிட்டு மானை நோக்கிச் செல்ல, எலி கட்டை அறுக்க, ஆமை நீருக்குள் நழுவுகின்றது. பறத்தல், அறுத்தல், ஓடுதல், அமிழ்தல் என அவரவர் இயல்பே அனைவரையும் காக்கின்றது. வெளியே சென்ற எவரும் தம் இயல்பை இழந்து பிறிதொன்றாகவில்லை.

சருகுமானும் எலியும்

பேராக் ஆற்றங்கரையில் அமைந்த கோலா கங்சாரில் வளரும் தமிழ்க் குழந்தை, பஞ்சதந்திரத்தோடு சாங் கஞ்சில் கதைகளையும் கேட்டே வளர்கின்றது. பரவலாக அறியப்பட்ட கதையில், சுலைமான் மன்னரின் ஆணைப்படி எண்ண வந்ததாகக் கூறி முதலைகளை வரிசையாக நிற்கச் செய்து, அவற்றின் முதுகின்மேல் தாவி ஆற்றைக் கடக்கின்றது சருகுமான். எலியும் சருகுமானும் பகைவரின் முதுகில் ஏறியே அக்கரை அடைகின்றன. எலி நம்பிக்கையால் ஏறுகின்றது. சருகுமான் சூழ்ச்சியால் ஏறுகின்றது. சருகுமான் தனியே சென்று வெல்கின்றது. ஆயினும் ஏமாந்த முதலைகள் ஆற்றில் காத்திருக்கும். அவ்வழியே திரும்புதல் அரிது. எலிக்கோ சென்ற வழியிலும் துணையுண்டு. சேர்ந்த இடத்திலும் துணையுண்டு.

இதனால் மலாய்க் கதை தாழ்ந்தது என்று கூறுதல் தகாது. வலியோர் நடுவே எளியோர் வாழ மதி வேண்டும் என்பது உண்மை. சுகிர்லாபமும் இறுதியில் சூழ்ச்சியையே நாடுகின்றது. இரு கதைகளையும் ஒருங்கே வைத்துப் பயிற்றும் வாய்ப்பு நம் ஆசிரியர்க்கு உண்டு; அதனைப் பயன்கொள்ளல் வேண்டும்.

கோலா கங்சாரும் இக்கதையும்

1877இல் கோலா கங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பிரேசிலிலிருந்து கடல் கடந்து வந்த வித்தின் வழிவந்தவை அவை. அம்மரத்தை நம்பித் தமிழரும் கடல் கடந்து வந்தனர். லயமும் பால் மரமும் தோட்டப்பள்ளியும் ஒருங்கே எல்லையாக அமைந்த உலகம் உருவாயிற்று. பின்னர் ரப்பர் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டது, தோட்டங்கள் கைமாறின, குடும்பங்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தன. தோட்டப்பள்ளியில் பயின்று, புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டைக் கடந்து, வேற்று மொழியில் இடைநிலைக் கல்வி பயின்றோர் பலர். அவர்களுக்கு எலியின் கதை விளங்காத கதையன்று. சேர்த்தது போனபின் தாவும் ஆற்றலும் போவதை நேரில் கண்டவர்கள் அவர்கள்.

அத்தகைய வீட்டுப் பிள்ளையிடம் "ஒற்றுமையே வலிமை" என்று எழுதச் சொல்லி நிறுத்திவிட்டால், அப்பிள்ளையின் உள்ளத்தில் இருக்கும் வினாவுக்கு நாம் விடை தேட உதவியவர்கள் ஆகமாட்டோம். "புறப்பட்டால் எனக்கு யார் துணை? சென்ற இடத்தில் நான் நானாக இருப்பேனா?" என்பதே அவ்வினா. சுகிர்லாபம் அவ்வினாவை அஞ்சாது எதிர்கொள்கின்றது.

இக்கதையில் குறையில்லாமல் இல்லை. கதைக்குள் கதையும் நீதிக்குமேல் நீதியும் அடுக்கப்படுவதால் ஓட்டம் தடைப்படுகின்றது. சிறுவர்க்கு எழுதுவோர் சுருக்குதல் இன்றியமையாதது. ஆனால் நீதியுரைகளைச் சுருக்கலாம். எலியின் துயரத்தையும், காகத்தோடு நிகழ்ந்த வாதத்தையும், ஆமையின் வருகையையும் சுருக்கலாகாது.

ஆசிரியர்களே, அடுத்த முறை இக்கதையைச் சொல்லும்போது நீதியை வினவுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எலி ஏன் வளையை விட்டது? காகத்தின் முதுகில் ஏற அதற்கு எவ்வாறு துணிவு வந்தது? ஆமை வந்திருக்கலாமா? மூன்றாவது வினாவுக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். வாதிடட்டும், தீர்ப்புக் கூற விரைய வேண்டா.